தமிழ்நாட்டில் விளம்பரம், பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலைகள் எங்கே போகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள், "இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோர்கள், விளம்பர ஏஜென்சியில் பல வருடம் ஓட்டிவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள். இந்த மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

இதற்கு ஒற்றை எண் சொல்பவரை நம்ப வேண்டாம். அரசு புள்ளிவிவரம் எடுக்கும் முறையே அப்படி ஓர் எண்ணைத் தராது. 2008-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் விளம்பரம், சந்தை ஆய்வோடு சேர்ந்து 73-ஆம் பிரிவில் இருக்கிறது. மக்கள் தொடர்பு ஆலோசனை அங்கே இல்லை; மேலாண்மை ஆலோசனையோடு 70-ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளெக்ஸ் அடிப்பவர் அச்சுத் தொழிலில் (18) வருவார். விளம்பரப் படம் எடுக்கும் கம்பெனி, சினிமாத் தயாரிப்போடு 59-ல் போய்விடும். துணிக்கடையின் விளம்பரப் பிரிவில் உட்கார்ந்து வாசகம் எழுதுபவர் சில்லறை வணிகத்தில் (47) எண்ணப்படுவார். மென்பொருள் நிறுவனத்தில் அதே வேலையைச் செய்பவர் 62-ல்.

அமெரிக்காவில் விளம்பரம், பி.ஆர்., அதைச் சார்ந்த சேவைகள் எல்லாவற்றுக்கும் 5418 என்று ஒரே குறியீடு உண்டு. அதனால் நியூயார்க் மாதிரி ஒரு மாநிலத்தில் இந்தத் துறையில் வேலை ஏறியதா இறங்கியதா என்று தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிறது. இங்கே அந்த வசதி இல்லை. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, வேலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி.

சரி, வேலை குறைகிறதா, கூடுகிறதா?

ஏஜென்சி என்ற கட்டடத்துக்குள் குறைகிறது. அதற்கு வெளியே கூடுகிறது.

ஏன் என்று புரிய, ஏஜென்சிக்குப் பணம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். பழைய கணக்கு எளிமையானது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி ஒரு பத்திரிகையில் ஒரு லட்சம் ரூபாய்க்கு விளம்பரம் வெளியிட்டால், 15 சதவீதம் கமிஷன், அதாவது பதினைந்தாயிரம் ரூபாய், பத்திரிகையே ஏஜென்சிக்கு விட்டுக்கொடுக்கும். வாசகம் எழுதும் காப்பிரைட்டர், ஆர்ட்டிஸ்ட், கிளையன்ட்டிடம் ஓடும் சர்வீசிங் ஆள், விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் ரிலீஸ் ஆர்டரைத் தட்டச்சு செய்பவர் என எல்லோர் சம்பளமும் அந்தப் பதினைந்தில்தான். 1973-ல் ஆர்.கே. சுவாமி சென்னையில் தன் பெயரிலேயே ஏஜென்சி தொடங்கிய காலத்தில் தொழில் ஓடியது இப்படித்தான். அந்த நிறுவனம் 2024 மார்ச்சில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய கமிஷன் கணக்கு இன்று அப்படியே எங்கும் இல்லை.

1990-களில் ஊடக இடம் வாங்கும் பிரிவுகள் தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. கமிஷன் அந்தப் பக்கம் போனது. கற்பனை வேலைக்கு மாதக் கட்டணம், அதாவது ரீடெய்னர் என்றானது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி கிளையன்ட் அழுத்த அழுத்த, மேசைகளின் எண்ணிக்கை குறைந்தது. அப்புறம் கூகுளும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் வந்தன. அவற்றில் விளம்பரம் போட ஏஜென்சி அவசியமே இல்லை. ஒரு கிரெடிட் கார்டு போதும். ஃபிக்கி என்ற தொழில் கூட்டமைப்பும் இஒய் என்ற ஆலோசனை நிறுவனமும் வெளியிடும் அறிக்கைப்படி 2024-ல் இந்திய ஊடகத் துறையில் டிஜிட்டல், வருவாயில் தொலைக்காட்சியை முந்தி முதலிடத்துக்கு வந்தது.

உலகக் குழுமங்களின் இணைப்புகள் மேலும் ஓர் அடி. ஜே. வால்டர் தாம்ப்சன் என்ற பழம்பெரும் பெயர் முதலில் 2018-ல் வுண்டர்மேனோடு இணைந்தது. 2023-ல் அறிவித்த இணைப்பில் விஎம்எல் என்ற பெயருக்குள் கரைந்தது. 2025 நவம்பர் இறுதியில் இன்டர்பப்ளிக் குழுமத்தை வாங்கி முடித்த ஆம்னிகாம், அடுத்த சில நாட்களிலேயே உலக அளவில் 4,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாகச் சொன்னது. டிடிபி, எஃப்சிபி, முல்லன்லோ என்ற ஏஜென்சிப் பெயர்களையும் ஓரங்கட்டியது. இப்படி இணையும்போதெல்லாம் மும்பையில் பெயர்ப் பலகை மாறும். சிறிய கிளைகளில் ஆள் குறையும். சென்னைக் கிளைகள் அநேகமாக அந்த இரண்டாவது வகை.

அப்படியானால் இப்போது ஆள் எடுப்பது யார்?

விளம்பரம் கொடுப்பவர்களே எடுக்கிறார்கள்.

தி.நகர் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு விளம்பரத்தின் பெரிய முதலாளிகள் இவர்கள்தான். கூடவே மசாலா, நல்லெண்ணெய், பால், வீட்டு உபயோகப் பொருள், பொறியியல் கல்லூரி, மனை. இவர்களுக்கு நடுவில் ஆள் வைத்துப் பேசும் பழக்கம் என்றுமே குறைவு. வசந்த் அண்ட் கோ, லலிதா ஜுவல்லரி, சரவணா ஸ்டோர்ஸ் என்று முதலாளியே விளம்பரத்தில் தோன்றும் மரபு இங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். முதலாளிக்குத் தன் வாடிக்கையாளரைத் தெரியும். மும்பையில் இருந்து வரும் பிரசன்டேஷன் தேவையில்லை.

இன்று அந்தக் கடையின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை இருக்கும். இரண்டு டிசைனர், ஒரு வீடியோ எடிட்டர், ரீல்ஸ் எடுக்க ஒரு கேமரா பையன், வாசகம் எழுத ஒருவர், ஃபேஸ்புக் விளம்பரத்துக்குப் பணம் போடும் 'பெர்ஃபார்மன்ஸ்' ஆள் ஒருவர். காலையில் வந்திறங்கிய புடவை, மதியம் அங்கேயே வேலை செய்யும் பெண் ஒருவர் மேல் சாத்தப்பட்டு, மாலைக்குள் இன்ஸ்டாகிராமில் விலையோடு வந்துவிடும். இந்த வேகத்தை எந்த ஏஜென்சியும் தர முடியாது. அந்த அறையில் இருக்கும் ஆறு பேரில் யாரும் தன்னை விளம்பரத் துறையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம். "கடையில் மார்க்கெட்டிங்" என்பார்கள்.

இரண்டாவது, மென்பொருள் நிறுவனங்கள். ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் வளர்ந்த பிறகு சென்னையில் 'சாஸ்' கம்பெனிகள், அதாவது மென்பொருளை இணையம் வழியே சந்தாவுக்குத் தரும் கம்பெனிகள், பெருகின. அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவது, மின்னஞ்சல் தொடர் எழுதுவது, செயல்விளக்க வீடியோ செய்வது எல்லாம் உள்ளேயே நடக்கின்றன. ஆங்கில எழுத்து நன்றாக வரும் ஒருவருக்கு இன்று சென்னையில் கௌரவமான சம்பளம் தருவது இந்தப் பக்கம்தான்.

மூன்றாவது, பின்னணி வேலை. வெளிநாட்டு விளம்பரங்களின் பேனர்களை நாற்பது அளவுகளில் மாற்றுவது, இணையத்தில் ஏற்றுவது, ஓடுகிறதா என்று கண்காணிப்பது. 'ஆட் ஆப்ஸ்' என்பார்கள். இரவுப் பணி, பெரிய கற்பனைக்கு இடமில்லை, ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். ஏ.ஐ. முதலில் கடிக்கப் போவதும் இந்த வேலையைத்தான்.

எந்த மாதத்தில் வேலை தேடுவது நல்லது?

தமிழ்நாட்டு விளம்பரத்துக்குப் பஞ்சாங்கம்தான் பட்ஜெட். அட்சய திருதியைக்கு நகை, மே–ஜூனில் கல்லூரிச் சேர்க்கை, ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி, அப்புறம் ஆயுத பூஜையில் தொடங்கி தீபாவளி, பொங்கல். ஒவ்வொன்றுக்கும் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே ஆள் தேடத் தொடங்குவார்கள். மே கடைசியில் ஆடிக்காகக் கேட்டுப் பாருங்கள், ஆகஸ்டில் தீபாவளிக்கு. தீபாவளி முடிந்த வாரம் ரெஸ்யூமே அனுப்பினால் யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

தமிழில் எழுதத் தெரிந்தால் வேலை கிடைக்குமா?

நன்றாக எழுதத் தெரிந்தால் கிடைக்கும். இங்கே 'நன்றாக' என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

நாடு முழுக்க ஓடும் விளம்பரங்கள் பெரும்பாலும் மும்பையிலோ குருகிராமிலோ இந்தியில் பிறக்கின்றன. தமிழுக்கு வரும்போது உதட்டசைவுக்கும் நொடிக் கணக்குக்கும் சொல்லைப் பொருத்த வேண்டியிருக்கும். அப்படித்தான் "கொண்டாடுங்கள் ஒவ்வொரு கணத்தையும்" போன்ற வாக்கியங்கள் நம் வீட்டுக்குள் வந்தன. எந்த அத்தையும் அப்படிப் பேசுவதில்லை. இங்கே வளர்ந்த ஒருவர் "நல்ல நாளுக்கு ஏன் காத்திருக்கணும்?" என்று எழுதிவிட்டு அதே நான்கு நொடிக்குள் முடித்துவிடுவார். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் ஃப்ரீலான்ஸ். ஒரே ஆள் ஐந்தாறு ஏஜென்சிக்கு எழுதுவதும் சகஜம்.

இன்னொரு திறமை யாரும் வகுப்பில் சொல்லித் தராதது: எழுத்துரு. அரசு அலுவலகத்தில் இருந்து வரும் மேட்டர் வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பழைய அச்சகத்தில் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும் இன்னும் ஓடுகின்றன. நீங்கள் யூனிகோடில் அனுப்பினால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-ல். நடைமுறை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. மாற்றித் தந்து, மாற்றும்போது விழுந்த ஒற்றெழுத்துகளைப் பொறுக்கி எடுத்துச் சரிசெய்யத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் லேசில் விடாது.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி காப்பிரைட்டர் எதற்கு?

நடுத்தரமாக எழுதும் ஆங்கில காப்பிரைட்டரின் நிலைமை உண்மையிலேயே கவலைக்கிடம். தயாரிப்பு விவரம், சமூக ஊடகப் பதிவு, சாதாரண வலைப்பதிவு எல்லாவற்றிலும் மூன்று பேர் செய்ததை ஒருவர் செய்கிறார். புதிதாக வருபவர் தொழில் கற்றுக்கொண்டதே இந்தச் சில்லறை வேலைகளில்தான். எனவே அடி விழுவது முதல் படிக்கட்டில். மேலே இருப்பவர்களுக்கு இது இன்னும் சரியாக உறைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தமிழில் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. படம் உருவாக்கும் கருவிகளிடம் தமிழ்ப் பலகை கேட்டால் எழுத்து மாதிரி ஏதோ ஒன்றை வரைந்து தருவது இப்போதும் நடக்கிறது. "திறப்பு விழா"வை "திரப்பு விழா" ஆக்க ஏ.ஐ. தேவையில்லை, ஃப்ளெக்ஸ் கடையே போதும் என்பது வேறு. ஆனால் குரல் கொடுப்பவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். சின்ன கடை விளம்பரங்களுக்கு இயந்திரக் குரலே போதும் என்று பலர் முடிவெடுத்துவிட்டார்கள்.

பி.ஆர். என்றால் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்துவதுதானே?

முன்பு பெரும்பாலும் அதுதான். பிரஸ் நோட் அடித்து, ஓட்டலில் அரங்கு பிடித்து, மறுநாள் எந்தெந்தப் பத்திரிகையில் எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று வெட்டி ஒட்டிக் காட்டுவது. இப்போது செய்தி அறைகளில் ஆள் குறைந்துவிட்டது. வர்த்தகப் பக்கத்துக்குத் தனி நிருபர் இல்லாத பத்திரிகைகள் உண்டு. அதனால் பி.ஆர். நிறுவனங்கள் தாங்களே உள்ளடக்கம் செய்கின்றன: நிறுவனரின் லிங்க்ட்இன் பதிவை எழுதுவது, பாட்காஸ்ட் ஏற்பாடு செய்வது, ஒரு புகார் வீடியோ பரவும் இரவில் என்ன சொல்வது, என்ன சொல்லாமல் இருப்பது என்று ஆலோசனை தருவது.

செய்தி அறையை விட்டு வெளியே வந்த பத்திரிகையாளர்களுக்கு இது இயல்பான அடுத்த இடம். மருத்துவமனைகளில் தேவை அதிகம். ஆனால் அங்கே ஒரு வேலி உண்டு: மருத்துவர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் தடுக்கின்றன. வழக்கறிஞர்களுக்கும் பார் கவுன்சில் விதி அப்படியே. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கறாராகவே நினைவுபடுத்தியது. ஆக, வக்கீல் அலுவலகத்தில் மார்க்கெட்டிங் வேலை என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசிக்கவும்.

சினிமா பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) ஆவது எப்படி?

அது தனி உலகம். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்கு வேலை செய்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்படுகிறார். அன்று முதல் இன்று வரை இது குருகுல வழி: ஒரு பி.ஆர்.ஓ.விடம் சேர்ந்து, வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டு, பிரஸ் ஷோவில் யார் யாருக்கு எந்த இருக்கை என்று கற்று, பிறகு தனியாக ஒரு சின்னப் படம். விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்கும் வேலை இல்லை. படத்துக்குப் படம்தான் பணம்.

அரசு வேலை உண்டா?

உண்டு, ஆனால் சொற்பம். மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறையில் மாவட்டத்துக்கு ஒரு மக்கள் தொடர்பு அலுவலரும் உதவி அலுவலரும் இருப்பார்கள். ஆட்சியரின் ஆய்வு, மனுநீதி நாள், நலத்திட்ட விழா எல்லாவற்றுக்கும் செய்திக்குறிப்பு தருவது இவர்கள் வேலை. மத்தியில் பத்திரிகை தகவல் அலுவலகமும் மத்திய தகவல் தொடர்பு அலுவலகமும் உள்ளன. அவற்றின் அதிகாரிகள் இந்தியத் தகவல் பணியில் இருந்து, யு.பி.எஸ்.சி. வழியாக வருபவர்கள். பொதுத்துறை வங்கிகளின் மார்க்கெட்டிங் அதிகாரி பணிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு நடத்துகிறது; எம்.பி.ஏ. கேட்பார்கள்.

தேர்தல் நேரத்தில் நிறைய வேலை வருகிறதாமே?

வருகிறது, போகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஐ-பேக் நிறுவனம் வேலை செய்த பிறகு, தேர்தல் ஆலோசனை என்பது இங்கே ஒரு தொழிலாகவே நிலைத்துவிட்டது. தொகுதி வாரியாகத் தகவல் சேகரிப்பவர், மீம் செய்பவர், பேச்சுக் குறிப்பு எழுதுபவர் என்று கல்லூரி முடித்த பிள்ளைகளைக் கொத்தாக எடுப்பார்கள். கற்றுக்கொள்ள நல்ல இடம். ஒரு தொகுதியைச் சுற்றி வந்தவருக்கு எந்தச் சந்தை ஆய்வும் கஷ்டமில்லை. ஆனால் ஒப்பந்தம் வாக்குப்பதிவோடு முடிந்துவிடும். சேரும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கட்சிக்கு வேலை செய்தீர்கள் என்பது அடுத்த நேர்காணலிலும் கூடவே வரும்.

பேனர், ஹோர்டிங் தொழில் என்ன ஆனது?

இந்தத் துறையின் மாற்றத்தை உடம்பில் வாங்கியவர்கள் இவர்கள்தான். அண்ணா சாலையின் சினிமா கட்-அவுட்களை வரைந்த கைகளை 2000-களில் ஃப்ளெக்ஸ் இயந்திரம் வீட்டுக்கு அனுப்பியது. எஞ்சியவர்களில் சிலர் சுவர் விளம்பரத்துக்கும் கோயில் வண்ண வேலைக்கும் போனார்கள். அப்புறம் ஃப்ளெக்ஸுக்கே கெட்ட காலம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் போன ஓர் இளம்பெண் இறந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. கட்சிகள் பேனர் வேண்டாம் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. ஃப்ளெக்ஸ் கடைகளின் நிரந்தர வாடிக்கையாளர்களே கட்சிக்காரர்களும் காதுகுத்து, கல்யாண வீட்டுக்காரர்களும்தான்.

2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகையின் சட்டகம் சரிந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். உயரத்தில் ஏறிக் கட்டுபவர்கள் பெரும்பாலும் துணை ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்கு வருபவர்கள். விளம்பரத் துறை வேலைவாய்ப்பு பற்றிய கருத்தரங்குகளில் இவர்கள் பெயரை எடுத்து நான் கேட்டதில்லை. மெட்ரோ நிலையங்களிலும் மால்களிலும் டிஜிட்டல் திரைகள் பெருகுவதால் இந்த வேலையும் சுருங்கும். திரைக்குக் கயிறு கட்ட ஆள் வேண்டாம்.

சென்னைக்கு வெளியே வாய்ப்பு இருக்கிறதா?

கோவையில் இருக்கிறது. பம்புசெட், நகை, மருத்துவமனை, கல்லூரி, ரியல் எஸ்டேட் எல்லாம் உள்ளூர் முதலாளிகள். முடிவெடுப்பவர் பக்கத்திலேயே இருப்பார். திருப்பூரில் ஏற்றுமதியாளர்கள் சிலர் சொந்த பிராண்ட் தொடங்கி இணையத்தில் விற்பதால், பொருளைப் படமெடுத்துப் பட்டியலிடும் வேலைகள் வந்துள்ளன. சிவகாசியில் காலண்டரும் டைரியும் இன்னும் நிற்கின்றன. அங்கே தேவை டிசைனர்தான். மதுரையில் சிறு ஏஜென்சிகள், பண்பலை வானொலி விளம்பர விற்பனை. வேறு ஊர்களில் தனியாகச் செய்வதே வழி.

இன்ஃப்ளுயன்சர் மார்க்கெட்டிங் நிலைக்குமா?

நிலைக்கும், ஆனால் கட்டுப்பாட்டோடு. காசு வாங்கிப் பேசினால் அதைச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர கவுன்சில் 2021-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளும் வந்தன. பெரிய அதிர்ச்சி 2025 ஆகஸ்டில். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் நாடாளுமன்றம் தடை செய்தது. ரம்மி விளம்பரத்தில் வண்டி ஓட்டிய தமிழ் யூடியூபர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒரே சட்டத்தில் அந்த வரும்படி நின்றது. ஒரே வகை விளம்பரதாரரை நம்பி வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்ன படிக்க வேண்டும்?

எந்தப் பட்டமும் கட்டாயம் இல்லை. விஸ்காம், இதழியல், சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி, எம்.பி.ஏ. எல்லா வழியிலும் வருகிறார்கள். லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் சான்றிதழ் தரும் இடங்களைத் தவிர்க்கலாம். கூகுளும் மெட்டாவும் அடிப்படையை இலவசமாகவே சொல்லித்தருகின்றன. தெரு முனையில் இருக்கும் ஒரு பேக்கரிக்கு ஒரு மாதம் விளம்பரம் செய்து, எத்தனை கேக் கூடுதலாக விற்றது என்று காட்ட முடிந்தால் அதுவே போர்ட்ஃபோலியோ.

சேரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது எல்லாத் தொழிலாளர்களுக்கும் தரப்பட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுப்பவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உரிமை உண்டு. முன்பு போல ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. "பிட்ச் ஜெயிச்சா பார்க்கலாம்", அதாவது கிளையன்ட்டின் வேலை நமக்குக் கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லிச் சம்பளமில்லாமல் வேலை வாங்கும் இடத்தில் ஜெயித்தாலும் பார்க்க மாட்டார்கள்.

ஃப்ரீலான்ஸ் செய்கிறேன். பணம் வராமல் இழுக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் சிறு தொழிலாகப் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால், 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி உங்களுக்கு வர வேண்டிய தொகையை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இன்னொரு பிடியும் இருக்கிறது. 2024 முதல், இந்தக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம் அந்தத் தொகையை, உண்மையில் கொடுக்கும் வரை, வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதைக் கிளையன்ட்டின் கணக்குப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சலில், உத்யம் எண்ணோடு, மார்ச் மாதத்துக்கு முன் தெரிவித்தாலே பாதிப் பணம் வந்துவிடும். வராவிட்டால் சிறு தொழில்களுக்கான அரசு இணையதளத்தில் புகார்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தால், கணக்கு தாக்கல் செய்து திரும்பக் கேட்டுவிடுங்கள். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.